‘அப்டேட்’ என்றால் எதை அப்டேட்? ஏஐ ஏஜென்ட் படிக்கும் கிளவுட் கருவி ஆவணம்

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், சிறு நிரல்களை ஓட்டித் தரும் சேவை லாம்டா. அதில் ஓடும் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது சிறு நிரலுக்கு, நான்கு சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) இருக்கின்றன: டேட்டாபேஸ் முகவரி, கியூவின் (வேலை வரிசையின்) பெயர், நேர மண்டலம், லாக் அளவு (செயல் பதிவில் எவ்வளவு விவரம் எழுதுவது). ‘லாக் அளவை டீபக் ஆக்கு’ என்று ஏஜென்ட்டிடம், அதாவது நம் சார்பில் கருவிகளை இயக்கும் ஏஐயிடம், சொல்கிறோம். அது அமைவை மாற்றும் கருவியைக் கூப்பிட்டு, சூழல் மாறிகளுக்கான இடத்தில் லாக் அளவை மட்டும் கொடுக்கிறது. ‘வெற்றி’ என்று பதில் வருகிறது. அடுத்த கோரிக்கையிலேயே ஃபங்ஷன் விழுகிறது. டேட்டாபேஸ் முகவரியைக் காணோம், கியூவின் பெயரையும் காணோம். லாம்டாவின் அமைவு மாற்றும் ஏபிஐ (நிரல்கள் சேவையோடு பேசும் வழி), சூழல் மாறிகளைப் பழைய பட்டியலோடு சேர்ப்பதில்லை. அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு பழைய பட்டியலைத் தூக்கிவிடும்.

ஏஜென்ட்டிடம் இருந்த விவரமோ ஒரே வரிதான்: ‘ஃபங்ஷனின் அமைவைப் புதுப்பிக்கும்.’ அந்த வரியை நம்பி அது செய்ததில் தவறு சொல்ல முடியாது. தவறு அந்த வரியில் இருக்கிறது.

கிளவுட் அமைவை மாற்றும் பொறுப்பு ஏஐ ஏஜென்ட்களின் கைக்கு வரும்போது, கருவியைப் பற்றிய ஆவணம் எப்படி இருக்க வேண்டும், எழுதாமல் விட்டால் எது உடையும், எழுதியும் எது நிற்காது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாடலுக்குக் கருவி எப்படித் தெரிகிறது

அமைவு அல்லது கான்ஃபிகரேஷன் என்பது, நிரலைத் தொடாமல் ஒரு சேவையின் நடத்தையை மாற்றும் மதிப்புகள்: நினைவக அளவு, நேர வரம்பு, யார் உள்ளே வரலாம் என்ற விதி, எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்ற எண்ணிக்கை. நிரல் மாற்றம் சோதனை, படிப்படியான வெளியீடு என்று நிதானமாகப் போகும். அமைவு மாற்றம் பல அமைப்புகளில் நொடிகளில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். 2025 ஜூன் 12 அன்று கூகிள் கிளவுட் உலகளவில் தடுமாறியதற்குக் காரணம், வெற்றுப் புலங்களோடு (மதிப்பு நிரப்பாத இடங்களோடு) நுழைந்த ஒரு கொள்கைத் தரவு. அது நொடிகளில் எல்லா மண்டலங்களுக்கும், அதாவது சர்வர்கள் இருக்கும் புவிப் பகுதிகளுக்கும், பரவியது.

ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் நேரடியாக எந்தச் சர்வரையும் தொடுவதில்லை. கருவியின் பெயரையும் உள்ளீடுகளையும் எழுதித் தருகிறது. அதைச் சுற்றியுள்ள நிரல்தான் உண்மையான ஏபிஐயை அழைக்கிறது. ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் ஃபங்ஷன் காலிங் என்ற பெயரில் இதை ஏபிஐயில் சேர்த்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, கருவிகளை எந்த ஏஜென்ட்டோடும் இணைக்கப் பொதுவான முறை ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டிலும் மாடலுக்குக் காட்டப்படுபவை இவையே:

1. கருவியின் பெயர்.
2. அது என்ன செய்யும் என்ற விவரணை.
3. உள்ளீடுகளின் ஸ்கீமா: எந்தப் புலம், எந்த வகை, எது கட்டாயம், எந்த எல்லைக்குள்.

மனிதப் பொறியாளர் ஆவணத்தில் இல்லாததைப் பக்கத்து இருக்கையில் கேட்பார், பழைய டிக்கெட்டைத் தேடுவார், கன்சோலைத் திறந்து ஒரு கண் பார்ப்பார். மாடலுக்கு அந்த வசதி எதுவும் தானாக வராது. இடைவெளியை அது பொதுவான வழக்கத்தை வைத்து நிரப்பும், பல சமயம் சரியாகவே நிரப்பும். உங்கள் ஏபிஐ பொதுவான வழக்கத்திலிருந்து விலகும் இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆவணத்தில் முதலில் எழுத வேண்டியவை அந்த விலகல்கள். எல்லோருக்கும் தெரிந்ததைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

‘அப்டேட்’டுக்கு நான்கு பொருள்

இந்தப் பகுதியை ஒழுங்காக எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘புதுப்பி’ என்ற ஒரே சொல் நான்கு வேறு செயல்களைக் குறிக்கிறது.

1. முழு மாற்று. அனுப்பியதே இனி முழு அமைவு, அனுப்பாதது போய்விடும். இணையக் கோரிக்கைகளின் விதிமுறையான எச்டிடிபியில் ‘புட்’டின் பொருள் இது. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3இல், பக்கெட்டின் லைஃப்சைக்கிள் விதிகளும் (கோப்புகளை எப்போது நகர்த்துவது, அழிப்பது என்பவை) இப்படித்தான்: ஒரு விதியைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் அனுப்பினால், ஏற்கெனவே இருந்த விதிகள் எல்லாம் போகும்.

2. ஒட்டுச் சேர்ப்பு. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கும் ‘ஜேசன் மெர்ஜ் பேட்ச்’ (ஜேசன் என்பது தரவை எழுதும் ஒரு வடிவம்). அனுப்பாத புலம் அப்படியே இருக்கும், ‘நல்’ (மதிப்பு இல்லை) என்று அனுப்பிய புலம் அழியும். பட்டியல்கள் மட்டும் சேராது, முழுதாக மாற்றப்படும். அனுமதிக்கப்பட்ட ஐபி முகவரிகளின் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், மிஞ்சுவது அந்த ஒன்றுதான்.

3. செயல் பட்டியல். 2013இன் ஆர்எஃப்சி 6902, ‘ஜேசன் பேட்ச்’. சேர், நீக்கு, மாற்று, சோதி என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏடபிள்யூஎஸ் கிளவுட் கன்ட்ரோல் ஏபிஐ வளங்களை (சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றை) மாற்ற இதையே கேட்கிறது. பட்டியலில் எதைத் தொடுவது என்பதை இட எண்ணால் குறிப்பதுதான் இதன் பொறி. 2ஆம் இடத்தை நீக்கியதும் 3ஆம் இடத்தில் இருந்தது 2க்கு வந்துவிடும். அடுத்த செயல் தவறான ஆளைப் பிடிக்கும். நீக்குவதற்கு முன்னால் ‘சோதி’ செயலை வைத்து, அந்த இடத்தில் எதிர்பார்த்த மதிப்புதான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது நல்லது. சோதனை தவறினால் மொத்த பேட்ச்சும் நிராகரிக்கப்படும்.

4. புல முகமூடி. கூகிளின் ஏபிஐகளில் பரவலான ‘ஃபீல்ட் மாஸ்க்’. மாற்ற வேண்டிய புலங்களின் பெயர்களைத் தனியாகச் சொல்லி, மதிப்புகளைத் தனியாகக் கொடுப்பது. முகமூடியில் பெயர் இருந்து மதிப்பு கொடுக்காமல் போனால் அந்தப் புலம் வெறுமையாகிவிடும். நட்சத்திரக் குறி போட்டால் முழு மாற்று. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும்’ என்று நட்சத்திரம் போடும் பழக்கம் மாடல்களுக்கும் உண்டு; தடுப்பதானால் ஸ்கீமாவிலேயே தடுத்துவிடுங்கள்.

ஒரே கருவிக்குள் இவை கலந்தும் வரும். லாம்டாவில் நினைவக அளவைக் கொடுக்காவிட்டால் பழைய அளவு நிற்கும். சூழல் மாறிகளைக் கொடுத்தால் பட்டியல் முழுதும் மாறும். மேல் மட்டத்தில் ஒட்டுச் சேர்ப்பு, உள் மட்டத்தில் முழு மாற்று. ஆதலால் ‘இது பகுதி மாற்றம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு நகர முடியாது. பட்டியலோ தொகுப்போ ஆன ஒவ்வொரு புலத்துக்கும் தனி வரி வேண்டும்.

ஒரு விவரணை, முன்னும் பின்னும்

வழக்கமாகக் காணக் கிடைப்பது:

‘சேவையின் அமைவைப் புதுப்பிக்கும். உள்ளீடு: சேவைப் பெயர், அமைவு.’

அதே கருவிக்கு, ஏஜென்ட் நம்பிச் செயல்படக்கூடிய வடிவம்:

‘ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையின் நினைவக அளவு, நேர வரம்பு, சூழல் மாறிகள் ஆகிய மூன்றை மட்டும் மாற்றும். புதிய சேவையை உருவாக்காது. நெட்வொர்க்கையும் அனுமதி விதிகளையும் தொடாது.

கொடுக்காத புலம் பழையபடி இருக்கும். விதிவிலக்கு சூழல் மாறிகள்: கொடுத்தால் பழைய பட்டியல் முழுதும் போய், கொடுத்ததே பட்டியலாகும். ஒரு மாறியை மாற்றுவதானாலும் படிக்கும் கருவியால் முழுப் பட்டியலை எடுத்து, திருத்தி, முழுதாக அனுப்பவும்.

மண்டலம் கட்டாயம், இயல்பான மண்டலம் என்று எதுவும் இல்லை. பதிப்புக் குறியும் கட்டாயம். படிக்கும் கருவி கடைசியாகத் தந்ததை அப்படியே அனுப்பவும்.

நேர வரம்பு நொடியில், 1 முதல் 900 வரை. நினைவகம் எம்பியில், 128 முதல் 10240 வரை.

வெற்றி என்ற பதில், கோரிக்கை ஏற்கப்பட்டதை மட்டும் குறிக்கும். 5 நொடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 24 முறை நிலையைப் பார்க்கவும். அதற்குள் முடியாவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டாம், நிறுத்தித் தெரிவிக்கவும்.’

முதல் பத்தியில் ‘எதைச் செய்யாது’ என்பதற்கு இடம் கொடுத்திருப்பது காரணமாகத்தான். ஏஜென்ட்டின் கையில் இருபது முப்பது கருவிகள் இருக்கலாம். எதை எடுப்பது என்பதை விவரணைகளை ஒப்பிட்டே முடிவு செய்கிறது. எல்லை சொல்லப்படாத கருவி எல்லா வேலைக்கும் பொருத்தமாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு குறை இருக்கிறது. சூழல் மாறிகளின் முழுப் பட்டியலைப் படித்து அனுப்பச் சொன்னால், அதில் கடவுச்சொல் ஏதாவது இருந்தால் அதுவும் மாடலின் உரையாடலுக்குள் வந்துவிடும், உரையாடலின் லாக்கிலும் தங்கிவிடும். நேர்த்தியான தீர்வு கருவியின் வடிவத்தை மாற்றுவதே: ‘வை’, ‘நீக்கு’ என்று இரண்டு உள்ளீடுகள் மட்டும் வைத்துக்கொண்டு, படித்துத் திருத்தி எழுதும் வேலையைக் கருவிக்குள்ளேயே முடித்துவிடலாம். ஒரு புலத்துக்கு மூன்று வரி எச்சரிக்கை எழுத வேண்டி வந்தால், பெரும்பாலும் அந்தப் புலத்தைத்தான் திருத்த வேண்டும்.

அலகுகள்

சின்ன விஷயம், விழும் அடி பெரிது. லாம்டாவின் நேர வரம்பு நொடியில். அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் ஏபிஐ கேட்வேயின் இணைப்பு நேர வரம்பு மில்லிநொடியில், கொடுக்காவிட்டால் 29,000. இரண்டையும் ஒரே வேலையில் தொடும் ஏஜென்ட்டுக்குப் புலத்தின் பெயரிலேயே அலகு தெரிய வேண்டும்: ‘நேர வரம்பு’ என்று நிறுத்தாமல் ‘நேர வரம்பு நொடி’.

கன்டெய்னர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் இன்னும் நுணுக்கம். சிபியூ அளவில் 500க்குப் பின் சிறிய ‘எம்’ போட்டால் அரை கோர். அதே சிறிய ‘எம்’மை நினைவகத்தில் 400க்குப் பின் போட்டால், ஆயிரத்தில் 400 பங்கு, அதாவது 0.4 பைட். எழுதியவர் மனதில் இருந்தது 400 மெபிபைட்டாக இருக்கும். அதற்குப் பெரிய ‘எம்’மும் சிறிய ‘ஐ’யும் வேண்டும். இலக்கண அளவில் இரண்டும் செல்லும் என்பதால் வெறும் வகைச் சோதனை இதைப் பிடிக்காது. எம்பியில் முழு எண் மட்டும் வாங்கி, பின்னொட்டைக் கருவியே சேர்த்துக்கொள்ளட்டும்.

‘ஆயிற்று’ என்பது எப்போது ஆயிற்று?

அமைவு மாற்றத்துக்கு மூன்று கணங்கள் உண்டு: ஏற்கப்பட்டது, பரவியது, நடைமுறைக்கு வந்தது. பல ஏபிஐகள் முதல் கணத்திலேயே பதில் சொல்லிவிடும்.

அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ‘உடனே செய்’ என்ற புலத்தைக் கொடுக்காவிட்டால், சர்வர் அளவை மாற்றுவது போன்ற பல மாற்றங்கள் அடுத்த பராமரிப்பு நேரம்வரை காத்திருக்கும். ஏஜென்ட் மாற்றுகிறது, படித்துப் பார்க்கிறது, பழைய மதிப்பே தெரிகிறது. ‘வேலை நடக்கவில்லை’ என்று முடிவு கட்டி, இம்முறை ‘உடனே செய்’யைப் போட்டு அனுப்புகிறது. அப்போது இது மட்டும் நடப்பதில்லை. பராமரிப்பு நேரத்துக்காக வரிசையில் காத்திருந்த மற்ற மாற்றங்களும் சேர்ந்து உடனே நடக்கும். அவற்றில் மறுதொடக்கம் கேட்கும் மாற்றம் ஒன்று இருந்தால், பட்டப்பகலில் டேட்டாபேஸ் நிற்கும். ஆவணம் சொல்ல வேண்டியது: மாற்றம் எப்போது நடைமுறைக்கு வரும், காத்திருக்கும் மதிப்பை எங்கே பார்ப்பது, அவசரப்படுத்தினால் கூடவே எவையெல்லாம் கிளம்பும்.

லாம்டாவில் கடைசி மாற்றத்தின் நிலை ‘நடக்கிறது’, ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று மூன்றில் ஒன்றாகத் தெரியும். அந்தச் சொற்களை ஆவணத்தில் ஏபிஐ தரும் எழுத்துக்கூட்டலோடு அப்படியே கொடுங்கள். ஏஜென்ட் அதே சரத்தைத்தான் தேடும்.

ஒரே அமைவை இருவர் திருத்தும்போது

ஏஜென்ட் படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் வேறொருவர் அதை மாற்றியிருக்கலாம். இதைப் பிடிக்கத்தான் பதிப்புக் குறி. எச்டிடிபியில் ஈடேக், லாம்டாவில் ரிவிஷன் ஐடி, குபர்னெட்டிஸில் ரிசோர்ஸ் வெர்ஷன். படித்தபோது இருந்த குறியோடு எழுத வேண்டும். பொருந்தாவிட்டால் முதல் இரண்டிலும் பிழை எண் 412, குபர்னெட்டிஸில் 409 வரும்.

சிக்கல் அதற்குப் பிறகு. ‘குறி பழையது’ என்று பிழை வந்ததும் ஏஜென்ட்டுக்குத் தோன்றும் குறுக்குவழி: புதிய குறியை மட்டும் படித்து எடுத்து, கையில் இருக்கும் பழைய உள்ளடக்கத்தோடு ஒட்டி அனுப்புவது. கதவும் திறந்துவிடும், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரி. பிழைச் செய்தியிலேயே இப்படி எழுதுங்கள்: ‘நீங்கள் படித்த பிறகு அமைவு மாறியிருக்கிறது. முழுதாக மறுபடி படித்து, மாற்றத்தைப் புதிதாகத் தயாரிக்கவும். நீங்கள் மாற்ற நினைத்த அதே புலத்தை மற்றவர் மாற்றியிருந்தால் நிறுத்திக் கேட்கவும்.’

ஒத்திகை ஓட்டம் எதைச் சொல்கிறது

‘டிரை ரன்’ இருக்கிறது என்று எழுதினால் போதாது. அது எதுவரை பார்க்கிறது என்பது ஒவ்வொன்றிலும் வேறு.

அமேசானின் வாடகைச் சர்வர் சேவையான இசி2வில் ஒத்திகைக் கொடியோடு அழைத்தால் அனுமதி உண்டா இல்லையா என்று தெரியும். மாற்றத்தின் விளைவு தெரியாது. அதைவிட, அனுமதி இருந்தால் வரும் பதிலும் பிழை வடிவிலேயே வரும்: ‘டிரைரன்ஆபரேஷன்’ என்ற பிழை. விவரம் தெரியாத ஏஜென்ட் அதைத் தோல்வி என்று படித்து, இல்லாத கோளாறைத் தேடக் கிளம்பும். குபர்னெட்டிஸின் சர்வர் பக்க ஒத்திகை சரிபார்ப்பையும் அட்மிஷன் கட்டத்தையும் (விதிகளின்படி அனுமதிக்கும் படி) தாண்டி, சேமிக்கும் இடத்தில் நின்றுகொள்ளும்; பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) உண்மையில் எழுந்து ஓடுமா என்பது அதன் எல்லைக்கு வெளியே. கோப்பில் எழுதியபடி கிளவுட் வளங்களை உருவாக்கும் டெராஃபார்மின் ‘பிளான்’ எந்த வளம் திருத்தப்படும், எது அழித்து மறுபடி உருவாக்கப்படும் என்று பிரித்துக் காட்டும். அந்த இரண்டாம் வகையைக் கண்டால் மனித ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது என்பதை விவரணையில் எழுதுவதோடு, கருவியிலும் கட்டிப் போட வேண்டும்.

டெராஃபார்ம் என்றதும் இன்னொன்று. வளத்தின் அமைவு ஏற்கெனவே டெராஃபார்ம் கோப்பில் இருந்தால், ஏஜென்ட் ஏபிஐ வழியாக நேராகச் செய்த மாற்றம் அடுத்த ‘அப்ளை’யில் பழைய மதிப்புக்கே திரும்பிவிடும். ‘இந்த வகை வளங்களுக்கு இக்கருவி வேண்டாம், கோப்பைத் திருத்தி ரிவ்யூவுக்கு அனுப்பவும்’ என்ற ஒரு வரி, யாரும் காரணம் புரியாமல் இரவில் தேடுவதைத் தவிர்க்கும்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான்

ஏஜென்ட் அடுத்து என்ன செய்யும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடைசியாக வந்த பிழை வாசகம். ‘பிழை 400’ என்று மட்டும் வந்தால் உள்ளீட்டை அப்படியும் இப்படியும் மாற்றி முயன்றுகொண்டே இருக்கும்.

- அனுமதி இல்லை (403): ‘இது முடிவான மறுப்பு. வேறு கணக்கோ வேறு கருவியோ தேட வேண்டாம், பயனரிடம் தெரிவிக்கவும்.’ இதை எழுதாவிட்டால், எட்டும் இடத்தில் கிடக்கும் வேறு நுழைவுச் சான்றுகளை வைத்து அதே வேலையை முடிக்கப் பார்ப்பது ஏஜென்ட்டுக்கு நியாயமான முயற்சியாகவே தெரியும்.
- வேகக் கட்டுப்பாடு (429): எத்தனை நொடி பொறுத்து, எத்தனை முறை.
- நேரம் கடந்து பதிலே வரவில்லை: மூன்றில் கெட்டது இதுவே. மாற்றம் நடந்ததா இல்லையா என்று தெரியாது. ஒரே செயலுக்கு ஒரே கோரிக்கை அடையாளத்தைத் திரும்ப அனுப்பும் வசதி இருந்தால், மறு முயற்சியில் அதே அடையாளத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

எழுத்தால் தடுக்க முடியாதவை

‘புரொடக்‌ஷனைத் தொடாதே’ என்று விவரணையில் எழுதலாம். அது வேண்டுகோள்; பூட்டு அல்ல. எம்சிபியில் கருவிகளுக்குக் குறிப்புகள் உண்டு: படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்பச் செய்தாலும் அதே விளைவு. எதுவும் சொல்லாவிட்டால் கருவி அழிக்கக்கூடியது என்றே கொள்ளப்படும், நல்ல ஏற்பாடு. ஆனால் இவை வெறும் குறிப்புகள், நம்பகமில்லாத சர்வரிடமிருந்து வந்தால் இவற்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது.

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. வளத்தின் டேக், லாக் வரி, விவரப் புலம் ஆகியவற்றில் யாரோ எழுதி வைத்த வாசகத்தை ஏஜென்ட் படிக்கும்போது, அது கட்டளை போலச் செயல்படலாம். உங்கள் விவரணையும் அந்த வாசகமும் மாடலுக்கு எழுத்தாகவே வந்து சேர்கின்றன.

2017 பிப்ரவரி 28 அன்று எஸ்3 விழுந்தது ஒரு மனிதரின் கையால். சில சர்வர்களை மட்டும் நீக்க வேண்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகப் போக, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கின. அமேசான் அதன் பிறகு கருவியையே திருத்தியது: மெதுவாகத்தான் நீக்கும், எந்தத் துணை அமைப்பையும் அதன் குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே கொண்டுபோக விடாது. ஏஜென்ட் கருவிக்கும் அதே வரிசை பொருந்தும்:

1. அந்த வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும் உள்ள தனி அடையாளம்.
2. ஸ்கீமாவில் கீழ் எல்லையும் மேல் எல்லையும். சுதந்திர உரைக்குப் பதில் தெரிவுப் பட்டியல்.
3. 0.0.0.0/0 போல உலகுக்கே கதவைத் திறக்கும் மதிப்புகளைக் கருவியே மறுப்பது.
4. அழிக்கும் மாற்றங்களுக்கு, பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி மனித ஒப்புதல்.
5. மாற்றுவதற்கு முன் இருந்த மதிப்பைச் சேமித்து, திரும்பப் போகும் வழியைப் பதிலிலேயே தருவது.

ஆவணத்தைச் சோதிப்பது

எழுதியதைச் சக பொறியாளர் படித்து ‘தெளிவாக இருக்கிறது’ என்பது இங்கே போதாது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை படிக்கும்போது இடைவெளிகளை நிரப்பிவிடும். உண்மையான சேவைக்குப் பதில் போலிச் சேவை ஒன்றோடு கருவியை இணைத்து, ஏஜென்ட்டிடம் இருபது முப்பது வேலைகள் கொடுத்து, அது எழுதும் அழைப்புகளை மட்டும் பாருங்கள். ஒரே வேலையைச் சில முறை திரும்பக் கொடுங்கள். ஒருமுறை சரியாக வந்தது அடுத்த முறையும் வரும் என்பதில்லை. வேலைகளில் மூன்றில் ஒரு பங்காவது, கருவியைக் கூப்பிடாமல் இருப்பதே சரியான விடையாக இருக்கட்டும்: மண்டலம் சொல்லாத கோரிக்கை, டெராஃபார்ம் கையில் உள்ள வளம், அனுமதி மறுக்கப்பட்ட பின் வரும் ‘எப்படியாவது முடி’ என்ற கட்டளை.

விவரணையில் ஒரு சொல் மாறினாலும் ஏஜென்ட்டின் நடத்தை மாறக்கூடும். அதனால் அந்த உரை, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், அதே ரிவ்யூவோடு, பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். எல்லைகளும் இயல்பு மதிப்புகளும் கருவியின் நிரலிலிருந்தே ஸ்கீமாவுக்குத் தானாக வரட்டும். கையால் இரண்டு இடத்தில் எழுதிய 900, என்றாவது ஓரிடத்தில் மட்டும் 600 ஆகும்.